கேசாதிபாதமும் அங்காதிபாதமும்: மனித என்புக்கூடு பற்றி ஒரு தமிழ்ப் பாடம்

தமிழில் சிற்றிலக்கிய வகைகளைப் பயிலும் மாணவர் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இரண்டையும் நன்கு அறிவர். முடி முதல் அடி வரை உறுப்புகளை நிரல்படப் பாடுவது முன்னது; அடியில் தொடங்கி முடியில் நிறைவது பின்னது. தெய்வத்தைப் பாடுங்கால் அடியிலிருந்தும், மாந்தரைப் பாடுங்கால் முடியிலிருந்தும் தொடங்குதல் புலவர் மரபு. இம்மரபின் ஓசை மருத்துவ நூலொன்றின் தலைப்பிலும் கேட்கிறது என்பதைப் பலர் அறியார். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நிகழ்ந்த அப்பாடம் 1860களில் முற்றிலும் தமிழுக்கு மாறியது. அதற்கென அவரும் அவர்தம் மாணவரும் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். ஹென்றி கிரே 1858இல் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம் 1872இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. கேசாதிபாதத்தை அறிந்த செவிக்கு இப்பெயர் அயலாக ஒலிக்கவில்லை. தற்செயலாக அமைந்த பெயர் என்றும் நமக்குத் தோன்றவில்லை.

கிறீன் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவத்திற்கு அடிகோலிய அதே காலத்தில், 1864இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சமயக் களத்தில் கிறித்தவச் சபையாரும் நாவலரும் எதிரெதிர் நின்றவர்கள். ஆயினும் தமிழ் உரைநடை எதையும் சொல்லவல்லது என்னும் நம்பிக்கை இரு தரப்பார்க்கும் பொதுவாக இருந்தது. இன்று அதே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1985இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்கி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் நடைமுறைக்கு வந்தபின், தமிழ்வழியில் பயின்றவர் பலர் மருத்துவக் கல்லூரிகளின் வாயிலை மிதிக்கின்றனர். முதலாண்டில் அவர்கள் கையில் கொடுக்கப்படுவது எலும்பு. அவர்களை மருட்டுவது அதன் இலத்தீன் பெயர். எனவே என்புக்கூட்டின் அமைப்பையும் பணிகளையும் கேசாதிபாத முறையில், முடி முதல் அடி வரை, நாம் தமிழில் கற்றுப் பார்ப்போம். மருத்துவம் பயிலாதார்க்கும் இதில் வேலை இருக்கிறது. நோயின் பெயரைத் தவறாகச் சொல்லும் குடும்பம் மருந்தையும் தவறாகவே தேடுகிறது.

முதற்கண் சொல். எலும்பு என்பது இன்றைய வழக்கு. என்பு என்பது பழைய செய்யுள் வழக்கு. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் மட்டும் ‘என்பு’ நான்கு குறள்களில் இடம்பெறுகிறது. அவற்றுள் ஒன்று எலும்பில்லாத உயிரை வெயில் வருத்துவதை உவமையாக்குகிறது. எலும்புள்ளது, எலும்பில்லாதது என உயிர்களைப் பகுத்து நோக்கும் பார்வை அங்கே இருத்தலை விலங்கியல் மாணவர் கண்டு மகிழலாம். சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களால் ஆனதாகக் கூறும்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். இவ்வரிசையில் என்புக்கு அடுத்து நிற்கும் மூளை, தலைக்குள் இருக்கும் மூளையன்று. எலும்பின் உள்ளீடாகிய மச்சையே ஆகும். பழைய ஏடுகளைப் படிப்போர் இவ்விடத்தில் இடறுவதுண்டு.

வளர்ந்த மனிதனின் எலும்புகள் 206. இவ்வெண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆனால் சுசுருத சங்கிதை 300 என்றும், சரக சங்கிதை 360 என்றும் கூறுகின்றன. முன்னோர் எண்ணத் தெரியாதவர் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. எதை எலும்பு எனக் கொள்வது என்பதில்தான் வேறுபாடு. அவர்கள் பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்தே எண்ணினர். மேலும், எண்ணிக்கை அகவைக்கு ஏற்ப மாறுவது. பிறந்த குழந்தையின் உடலில் எலும்புகளும் எலும்பாகிக்கொண்டிருக்கும் துண்டுகளுமாக ஏறத்தாழ 270 முதல் 300 வரை உள்ளன. வளர வளர அவை ஒன்றோடொன்று இணைந்து குறைகின்றன. இறுதியாக இணைவது காரை எலும்பின் மார்புப்பக்க முனை. அதற்கு இருபது வயதைக் கடந்து பல ஆண்டுகள் செல்லும். கல்லூரியில் பயிலும் மாணவரின் என்புக்கூடு இன்னும் கட்டி முடிக்கப்படாத கட்டடம் என்றால் அது மிகையன்று.

இந்த 206இல் 80 எலும்புகள் உடலின் நடு அச்சைச் சார்ந்தவை: மண்டையோடு, செவியின் உள்ளெலும்புகள், நாவடி எலும்பு, முதுகெலும்புத் தொடர், விலா எலும்புகள், மார்பெலும்பு. எஞ்சிய 126 கைகால்களையும் அவற்றை அச்சோடு பிணைக்கும் தோள், இடுப்பு வளையங்களையும் சார்ந்தவை.

இனித் தலை. மண்டையோட்டில் 22 எலும்புகள். மூளையைப் பொதிந்து காப்பவை 8, முகத்தை ஆக்குபவை 14. மூளைப் பெட்டியின் தட்டெலும்புகள் தச்சர் பலகைகளைப் பல்வெட்டி இணைப்பதுபோல் நெளிநெளியான தையல்களால் கோக்கப்பட்டுள்ளன. பிறக்கும்போது இத்தையல்கள் இறுகுவதில்லை. பிறப்பு வழியில் குழந்தையின் தலை சற்றே ஒடுங்கிக் கொடுப்பதற்கும், பின்னர் மூளை விரைந்து வளர்வதற்கும் இந்நெகிழ்ச்சி இன்றியமையாதது. பச்சிளங் குழந்தையின் தலையில் தாய்மார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி, எலும்புகள் இன்னும் சந்திக்காத இடமேயாகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒன்றரை வயதளவில் மூடிக்கொள்ளும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்; மருத்துவரும் அதனையே முதலில் தொட்டுப் பார்க்கின்றனர். உச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது மட்டும் கொடிய வழக்கம். வேண்டுவது உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவமனையும்.

முக எலும்புகளுள் அசைவது கீழ்த்தாடை ஒன்றே. இவ்வெலும்பு அறிவு வரலாற்றில் ஒரு பெரும் வழக்கின் பொருளாயிற்று. கிரேக்க மருத்துவர் கேலன் விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனிதர் மேலும் ஏற்றி, கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனை மறுப்பார் அரிதாயினர். 1200ஆம் ஆண்டை ஒட்டி எகிப்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. அப்போது கெய்ரோவில் இருந்த பக்தாது அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162–1231), அல்-மக்ஸ் என்னுமிடத்தில் குன்றுபோல் குவிந்திருந்த மனித எலும்புகளைக் கண்டார். தாம் கற்ற நூலை மனத்திலும் எலும்பைக் கையிலும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாடைகளை நோக்கியும், அவற்றுள் ஒன்றிலேனும் இணைப்புத் தையல் காணப்படவில்லை. கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று துணிந்து எழுதினார். கேலனை அவர் மிக மதித்தவர். ஆயினும் கண்ட காட்சி கேட்ட நூலினும் வலிது என்பதே அவர் கொண்ட நிலை. வெசாலியஸ் 1543இல் தம் பெருநூலை வெளியிட்டு இதனை ஐரோப்பாவில் நிலைநாட்டியது மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. சுவையான செய்தி ஒன்று: பிறக்கும்போது மனிதக் கீழ்த்தாடையும் இரு பாதிகளாகவே உள்ளது, ஓராண்டளவில் ஒன்றாகிவிடுகிறது.

செவிக்குள் உள்ள மூன்று சிற்றெலும்புகளுக்குத் தமிழில் அமைந்த பெயர்கள் கொல்லன் பட்டறையையும் குதிரைச் சேணத்தையும் நினைவூட்டுவன: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி உடலிலேயே மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். கழுத்தில், நாக்கின் அடியில், குதிரை இலாடம்போல் வளைந்த நாவடி எலும்பு வேறெந்த எலும்போடும் முட்டாமல் தசைகளிலும் நார்களிலும் தொங்குகிறது. நாம் விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அது பிடிமானம்.

கழுத்திலிருந்து கீழே இறங்கும் முதுகெலும்பு, பெயரளவில் ஒன்றாயினும் பல முள்ளெலும்புகளின் அடுக்கு. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5; அதற்குக் கீழே ஐந்து சேர்ந்து ஒன்றான திரிகம், நான்கு சேர்ந்து ஒன்றான வால் எலும்பு. பிறப்பில் 33ஆக இருந்தது வளர்ந்தபின் 26 ஆகிறது. மீனவர் சிற்றூராயினும் சரி, கோபுர நகராயினும் சரி, மனிதர் எல்லார்க்கும் கழுத்தில் ஏழே. நீள்கழுத்து ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். பக்கவாட்டில் பார்த்தால் இத்தொடர் நேர்க்கோடாக இராது. நான்கு வளைவுகளை உடையது. நடக்கும் அதிர்ச்சி மூளையை எட்டாமல் தடுக்கும் வில் அது. முள்ளெலும்புகளுக்கு இடையே குருத்தெலும்பு வட்டுகள் திண்டுபோல் அமைந்துள்ளன. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் ஒரு துளை உண்டு. துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒரு குழாய் ஆகின்றன. அக்குழாயினுள் தண்டுவடம் ஓடுகிறது. கைகால்களை அசைக்கும் ஆணையும் தொட்டதை உணரும் செய்தியும் அவ்வழியே செல்கின்றன.

இவ்விடத்தில் சற்று நின்று செல்லுதல் வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால், ஓடிவந்து உதவுவோர்க்கு நம் ஊர்களில் குறைவில்லை. இருவர் கைகளையும் இருவர் கால்களையும் பற்றித் தூக்கி, கிடைத்த வண்டியில் மடித்துக் கிடத்தி விரைவர். நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் முள்ளெலும்பு முறிந்த ஒருவரை அங்ஙனம் வளைத்துத் தூக்கும்போது, உடைந்த எலும்பின் விளிம்பு அதுவரை காயப்படாத தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். சாலையில் விழுந்தபோது கால் அசைந்தவர் மருத்துவமனை சேரும்போது கால் அசையாதவர் ஆகிறார். எனவே தீயோ வேறு உடனடி இடரோ இல்லாதவிடத்து, அடிபட்டவரின் தலையையும் கழுத்தையும் உள்ளபடியே அசையாமல் பிடித்துக்கொண்டு, 2008 முதல் தமிழகத்தில் இயங்கிவரும் 108 ஊர்தியை அழைப்பதே முறை. குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம். நகர்த்தியே ஆகவேண்டுமெனில், தலை, கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியன ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் உருட்டி, பலகையில் கிடத்த வேண்டும். கை அல்லது கால் முறிந்திருப்பின் அதனை நிமிர்த்த முயலாமல், உள்ள நிலையிலேயே மட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அணை கொடுத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டினால் போதும்.

மார்புக்கூட்டுக்கு வருவோம். விலா எலும்புகள் 12 இணை. மேல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே சேர்கின்றன. அடுத்த 3 இணைகள் மேலுள்ள குருத்தெலும்பைச் சார்ந்து நிற்கின்றன. கடைசி 2 இணைகளுக்கு முன்புறப் பற்றுக்கோடு இல்லை. கடலூர், பரங்கிப்பேட்டைத் துறைகளில் மரப்படகு கட்டப்படுவதைக் கண்டவர், அடிமரத்திலிருந்து இருபுறமும் வளைந்தெழும் மரச்சட்டங்களைக் கொண்டு இவ்வமைப்பை எளிதில் மனங்கொள்வர். படகின் சட்டங்கள் அசையா. மார்பின் சட்டங்களோ ஒவ்வொரு மூச்சிலும் எழுந்து தாழ்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு. சோழர் காலக் காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனிகளில் விலா வரிசையும் காரை எலும்பும் எத்துணைத் தெளிவாக வடிக்கப்பட்டுள்ளன என்பதையும் நோக்குக.

குருத்தெலும்பு என்பது யாது என்று வினவும் மாணவர்க்கு மீன்துறையே விடை கூறும். வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் கடினமான முள் உண்டு. சுறாவுக்கோ திருக்கைக்கோ எலும்பே இல்லை. அவற்றின் கூடு முழுவதும் குருத்தெலும்பு. அதனாலேயே சுறாவை வேகவைத்துப் புட்டாக உதிர்க்க முடிகிறது. மனிதனிடம் குருத்தெலும்பு மூக்கு நுனியிலும் காது மடலிலும் விலா முனைகளிலும், எல்லாவற்றினும் மேலாக மூட்டுகளின் உள்முகத்திலும் உள்ளது. கருவில் நம் கைகால் எலும்புகளும் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிப் பின்னர் எலும்பாகின்றன.

மூட்டுகளைக் கற்பிக்கத் தில்லைக் கோபுரங்களினும் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது. அவற்றின் வாயில் உட்சுவர்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. சமய நோக்கை ஒருபுறம் வைத்து உடற்கூற்று நோக்கில் அவற்றின்முன் நின்று பார்க்கலாம். தோளிலும் இடுப்பிலும் உள்ளது பந்து கிண்ண மூட்டு. ஆதலின் கையும் தொடையும் எத்திசையிலும் சுழல்கின்றன. ஆடல்வல்லானின் தூக்கிய காலில் தொடை எலும்பின் பந்து இடுப்பின் கிண்ணத்தில் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. முழங்காலிலும் முழங்கையிலும் உள்ளது கதவுக்குரிய கீல் மூட்டு. அவை ஒரு தளத்திலேயே மடங்கும். தலையை இடம் வலம் திருப்புவது கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள முளை மூட்டு. முத்திரை பிடிக்கும் கட்டைவிரலின் அடியில் உள்ளது சேண மூட்டு. அது இருப்பதாலேயே மனிதன் எழுதுகோலைப் பிடிக்கிறான். சிற்பி இப்பெயர்களை அறிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் எந்த மூட்டு எவ்வளவு திரும்பும் என்பதை அவன் உளி அறிந்திருந்தது.

தோள்பட்டை எலும்பும் காரை எலும்பும் சேர்ந்தது தோள் வளையம். கை ஊன்றி விழுவோர்க்கு முதலில் முறிவது பெரும்பாலும் இக்காரை எலும்போ மணிக்கட்டை ஒட்டிய ஆர எலும்போ ஆகும். மேற்கையில் 1, முன்கையில் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என ஒரு கையில் 30. இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறோம், அது சுளுக்கு. இணைப்பு நார் சற்றே இழுபட்டதும் சுளுக்கு. மணிக்கட்டு எலும்பு கீறியதும் நம் வீடுகளில் சுளுக்கு. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் முன்னதன் வலி தணிந்ததுபோல் தோன்றலாம், பின்னது விலகிவிடும். 1895இல் இராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்து தம் மனைவியின் கையெலும்புகளைப் படமெடுத்துக் காட்டியபின், இவ்விரண்டையும் ஊகத்தால் பிரிக்கவேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. நாட்டுவைத்தியக் கட்டுப் போடுவோரிடம் செல்பவர்க்கும் இதனைச் சொல்வோம்: படம் பார்த்த பின்னரே கட்டு. கட்டியபின் விரல் வீங்கினாலோ மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, ஒரு மணி நேரமும் தாழ்க்காமல் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு ஓடுதல் வேண்டும். குருதியோட்டம் நின்ற கை அழுகிப்போகும். எலும்பு கூடினாலும் கை கூடாது.

இடுப்பு வளையத்தைக் கடந்தால் தொடை எலும்பு. உடலில் நீளமும் வலிமையும் மிக்கது இதுவே. ஒருவர் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எலும்பின் உள்ளமைப்பைக் கற்க இதனினும் ஏற்றது இல்லை. பிரியாணியில் நல்லி எலும்பைத் தேடி எடுத்து உறிஞ்சுவோர் எலும்பின் உட்குழியையும் அதிலுள்ள மச்சையையும் முன்பே அறிந்தவர்கள். நடுத்தண்டு கெட்டியான சுவருள்ள குழாய். முனைகளோ கடற்பஞ்சுபோல் நுண்ணிய எலும்புச் சட்டங்கள் பின்னியவை. 1860களில் சூரிச் நகரில் உடற்கூற்று அறிஞர் மேயர் வரைந்த தொடை எலும்பின் வெட்டுப்படத்தைப் பொறியாளர் குல்மன் கண்டு வியந்தார். தாம் பாரந்தூக்கிக்குக் கணக்கிட்ட விசைக்கோடுகளின் வழியிலேயே எலும்பின் சட்டங்கள் ஓடக் கண்டார். பாரம் எங்கே விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கிறது. விழாத இடத்தில் மெலிகிறது. 1892இல் உல்ஃப் இதனை ஒரு விதியாக வகுத்தார். விண்வெளியில் எடையற்று மிதப்போர்க்குச் சுமை தாங்கும் எலும்புகள் மாதந்தோறும் ஒரு விழுக்காடு அளவில் கரைவதும் இவ்விதியின்படியே.

எலும்பின் பொருள் இரண்டு: வன்மை தரும் சுண்ணாம்பு பாஸ்பேட்டு உப்பு, நெகிழ்வு தரும் கொல்லாஜன் நார். கோழி எலும்பை ஒரு வாரம் காடியில் ஊறவையுங்கள். உப்புக் கரைந்து, எலும்பு வளையும். அதனையே நெருப்பிலிட்டால் நார் எரிந்து, எஞ்சியது தொட்டால் நொறுங்கும். உயிருள்ள எலும்பில் இரண்டும் கூடியே நிற்கின்றன. அவற்றைக் கட்டும் செல்களும் இடிக்கும் செல்களும் ஓயாது பணிபுரிகின்றன. ஆண்டுதோறும் என்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பேழையில் தொங்கும் உலர்ந்த கூடு நம்மை ஏமாற்றிவிடுகிறது. எலும்பு மரக்கட்டையன்று, குருதி பாயும் உயிருள்ள உறுப்பு. செந்நிற மச்சை நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்களை ஈனுகிறது. உடலின் சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு, ஏறக்குறைய ஒரு கிலோ, எலும்பிலேயே வைப்பாக உள்ளது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் குருதி உறையவும் வேண்டிய சுண்ணாம்பு உணவில் குறைந்தால், உடல் அவ்வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தாங்குதல், காத்தல், அசைத்தல் என்னும் மூன்றையே எலும்பின் பணியாகப் படித்தவர், குருதி ஈனுதலையும் சுண்ணாம்பு காத்தலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வைப்பு முப்பது வயதளவில் உச்சத்தை எட்டுகிறது. பின்னர்ப் படிப்படியாகக் குறையும். மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு விரைந்து குறையும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய அரிசியில் பத்து அளவே. கேழ்வரகுக் கூழை ஏழையின் உணவென்று இகழ்ந்து கைவிட்ட தலைமுறை எதை இழந்தது என்பதை இவ்வெண்களே கூறும். நம் கடற்கரையின் நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதும், மோரும், முருங்கைக் கீரையும் எட்டாத பொருள்கள் அல்ல. உண்ட சுண்ணாம்பு குடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். அதனைத் தோல் வெயிலில் ஆக்குகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் வைட்டமின் டி குறைவு மிகுந்திருப்பது, பகலெல்லாம் அறைக்குள் கழிப்போர் பெருகியதன் விளைவு. வீட்டிலேயே இருக்கும் முதியோரும் பெண்டிரும் முற்றத்திலோ மாடியிலோ நாள்தோறும் சிறிது நேரம் வெயில்படும்படி இருத்தல் நலம்.

மொழித்துறையார்க்குரிய ஓர் இடருக்கு இங்கே வருகிறோம். ‘எலும்புத் தேய்மானம்’ என்று நம் வீடுகளில் ஒரு சொல் வழங்குகிறது. முழங்கால் வலிக்கும் மூதாட்டிக்கும் எலும்புத் தேய்மானம். தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்த மூதாட்டிக்கும் எலும்புத் தேய்மானம். உண்மையில் இவை இருவேறு நோய்கள். முன்னதில் தேய்வது எலும்பன்று. மூட்டின் முகத்தை மூடிய குருத்தெலும்பு. அதனை மூட்டுத் தேய்வு எனல் தகும். பின்னதில் எலும்பு தேய்வதே இல்லை. உள்ளே புரைபட்டு அடர்த்தி குறைகிறது. எலும்புப்புரை என்னும் சொல் அதற்குப் பொருந்தும். மூட்டுத் தேய்வுக்கு உடல் எடையைக் குறைத்தலும் தொடைத் தசைக்குப் பயிற்சியும் துணை. சுண்ணாம்பு மாத்திரை அதனைத் தீர்க்காது. எலும்புப்புரைக்கு வலியே இராது. முறியும்வரை அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உயரம் குறைந்து முதுகு கூனுவது அதன் அடையாளம். அதனை முன்னரே கண்டறிய அடர்த்தி அளக்கும் கருவியும் தடுக்க மருந்துகளும் உள்ளன. ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டதால், வலிக்கின்ற முழங்காலுக்கு மாத்திரை வாங்குகிறோம். வலிக்காத இடுப்பைக் கவனியாது விடுகிறோம். கலைச்சொல்லாக்கம் என்பது கருத்தரங்க அறைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இடுப்பை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், வயதாகிவிட்டது, இனி அறுவை எதற்கு, கட்டிலில் கிடக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்வதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம். அன்பினால் எடுக்கும் முடிவே அது. ஆனால் கொல்வது முறிவன்று, கிடக்கைதான். படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளிக்காய்ச்சலும் கால் நாளங்களில் குருதிக்கட்டும் சில வாரங்களில் வந்து சேர்கின்றன. இயன்றவரை விரைவில் அறுவை செய்து எழுப்பி நடக்கவிடுவதே இன்றைய மருத்துவம் கூறும் வழி. எழுபதும் எண்பதும் அதற்குத் தடையல்ல. முறியாமல் காக்க வழுக்காத குளியலறைத் தரையும், சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் எரியும் சிறு விளக்கும் போதும். அவற்றின் செலவு ஒரு விருந்தின் செலவுக்கும் குறைவு.

முழங்காலின் முன் உள்ள சில்லு, தசைநாணுக்குள்ளேயே விளைந்த எலும்பு. தொடைத் தசையின் இழுவிசைக்கு அது கப்பிபோல் உதவும். பிறந்த குழந்தைக்கு அது குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதை ஒட்டியே எலும்பாகத் தொடங்கும். அதன் கீழே கணைக்காலில் இரண்டு எலும்புகள். உள்பக்கத்துப் பெரிய எலும்பு பாரத்தைத் தாங்குகிறது; வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு தசைகளுக்குப் பிடிகொடுத்து, கணுக்காலின் வெளிமொளியாக முடிகிறது.

பாதம் வந்துவிட்டது. குதிகால் உள்ளிட்ட கணுக்கால் எலும்புகள் 7, நடுப்பாதத்தில் 5, விரல்களில் 14. ஒரு காலுக்கு 26. இரு பாதங்களிலும் 52 என்றால், உடலின் எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு நம் செருப்பளவே உள்ள இடத்தில் அடங்கியுள்ளது. நீளவாட்டில் இரண்டும் குறுக்கே ஒன்றுமாக மூன்று வளைவுகள் பாதத்தை வில்லாக்குகின்றன. ஈர மணலில் பதியும் அடிச்சுவட்டில் உட்பக்கம் வெறுமையாக இருத்தல் இவ்வளைவின் சான்று. சில்வர் பீச் மணலில் நடக்கும் மாணவர் தம் அடிச்சுவட்டைத் திரும்பிப் பார்த்து, அவ்வெறுமை உள்ளதா என்று தாமே கண்டுகொள்ளலாம்.